காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்

அக்கா இறந்த பிறகு அவள் வீட்டிலிருந்து எனக்கு வந்தவை இரண்டு கண்ணாடிகள். ஒன்று தகரச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது. மற்றது உள்ளங்கை அகலத்தில் பிடி வைத்தது, தலைக்குப் பின்னால் பிடிப்பதற்கு. முடிவெட்டும் கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு ஜோடி தேவைப்படாது. அக்கா வீட்டில் அது தேவைப்பட்டது. இப்போதும் எனக்குத் தெரிகிறது: அக்கா புருஷன் சுவர்க் கண்ணாடிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இடது காதைக் கையால் முன்னுக்கு மடக்கிப் பிடித்திருக்கிறார். பின்னால் அக்கா சின்னக் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்கிறாள். "இன்னும் கொஞ்சம் மேல" என்கிறார் அவர். "மேல காதுதான் இருக்குது" என்கிறாள் அக்கா. பள்ளிக்கூடம் விட்ட நாள் முதல் தன்னிடம் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த ஒரு மச்சத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார். இருவரும் இப்போது இல்லை. இதை எழுதத் தடையின்மைச் சான்று தரவேண்டிய இருவரும் போய்விட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவோம். மாமா விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சூளை அடுக்குகிற வேலை பார்த்தார். அக்காவுக்கும் அங்கேயே வேலை. சுடப்போகும் ஒவ்வொரு கோப்பையையும் கவிழ்த்து, அடியில் மெல்லிய தூரிகையால் கருப்பில் ஒரு புள்ளி வைப்பாள். எந்தக் குழுவின் சரக்கு என்று தெரிய அந்தப் புள்ளி வேண்டும். சூளைக்குள் எல்லா நிறமும் ஏதாவது ஒரு விதத்தில் மாறிவிடும். அந்தக் கருப்பு மட்டும் உள்ளே போனபடியே வெளியே வரும் என்று அவள் பெருமையாகச் சொல்வாள். எழுபதுகளில் ஒரு வருஷம் நிலக்கரி வருவது தடைப்பட்டது. முதலில் வாரத்தில் பாதி நாள் என்றார்கள், பிறகு சூளையை அணைத்துவிட்டோம் என்றார்கள், அதற்கும் பிறகு கேட்டில் பூட்டு தொங்கியது. இரண்டு குழந்தைகளோடு அவர்கள் என் வீட்டில் சாப்பிட ஆரம்பித்தார்கள். மாமா சாப்பிடும்போது தட்டை விட்டுத் தலை நிமிர்த்தமாட்டார். இரண்டாவது முறை சோறு போட வந்தால் கையைத் தட்டின் மேல் விரித்து மறைத்துக்கொள்வார்.

அப்போது நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். கடலோரத்தில் கட்டிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவுக்கு உதவியாளர்கள் எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்து மாமாவை விண்ணப்பிக்க வைத்தவன் நான்தான். சூளையும் உஷ்ணமும் பழகியவர் என்பதால் எடுத்துவிட்டார்கள். அரசாங்க வேலைக்கான வயது வரம்பின் விளிம்பில் அவர் நின்றிருந்தார். இது தவறினால் இனி எந்த விண்ணப்பத்திலும் அவரை வரம்புக்குள் பிறக்கவைக்க முடியாது. மருத்துவப் பரிசோதனைக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல், "மாப்ள, எனக்கு மச்சம் இருக்குதா பாரு" என்று காதை மடக்கிக் காட்டினார்.

இன்றைய வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இப்போது அணுமின் நிலையத்துக்குள் நுழைய ஒரு கருவியின் மேல் கையை வைக்கிறார்கள். அது கையின் அகலத்தையும் விரலின் ரேகையையும் அளந்து, இவர் இவர்தான் என்று கதவைத் திறக்கிறது. அந்த நாளில் அந்த வேலையைச் செய்ய இரண்டு வரிகள் இருந்தன. பள்ளி இறுதிச் சான்றிதழ்ப் புத்தகத்தில் அங்க அடையாளங்கள் என்று போட்டு இரண்டு வரி எழுதியிருக்கும். மாமாவின் புத்தகத்தில் இருந்தவை: இடது காதின் பின்புறம் ஒரு மச்சம், வலது முழங்காலில் ஒரு தழும்பு. கல்யாணத்திலோ கம்பெனியிலோ ரேஷன் கடையிலோ யாரும் அவர் காதை மடக்கிப் பார்த்ததில்லை. அணுவைப் பிளக்கிற இடத்தில் பார்த்தார்கள். அதில் தவறில்லை. ஆள் மாறி உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டிய இடம் அது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மச்சம் காணப்படவில்லை, பணியில் சேரும் நாளுக்குள் விளக்கம் தருக என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முழங்கால் தழும்பு சரியாக இருந்தது. முழங்காலில் தழும்பு இல்லாத பையன் எங்கள் தாலுகாவில் இன்னும் பிறக்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் அந்த இரண்டு கண்ணாடி நாடகம் நடந்தது. தேடி முடித்ததும் மாமா அக்காவைக் கோபமாகப் பார்த்தார். "இத்தன வருஷம் கூட இருக்கியே, மச்சம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இல்லாததெல்லாம் சொல்றதுன்னா நான் எங்கேருந்து ஆரம்பிக்கறது?" மாமா உள்பட எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்த வீட்டில் அதற்குப் பிறகு வெகு காலம் யாரும் சிரிக்கவில்லை என்பதால் அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

எனக்குத் தெரியாத நடைமுறை இல்லை என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம். பெயரை மாற்ற வேண்டுமானால் அரசிதழில் விளம்பரம் கொடுக்கலாம். பிறந்த தேதியை மாற்ற நீதிமன்றம் போகலாம். சாதியைக்கூடத் தக்க ஆதாரம் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். மச்சத்தைத் திருத்த மட்டும் எந்த விதியும் இல்லை. கையேடுகளைப் புரட்டினேன், மூத்தவர்களைக் கேட்டேன். மச்சம் என்பது ஆண்டவன் வைத்த பதிவு, அதில் பிழை வராது என்று அரசாங்கம் நம்பியிருந்தது போலும். கடைசியில் திட்டக்குடிப் பக்கம் மாமா படித்த உயர்நிலைப் பள்ளிக்கே போனேன். தலைமையாசிரியர் வயதானவர், நல்லவர். பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி என் பக்கம் திருப்பி வைத்தார்.

"மொதப் பேரப் பாருங்க சார். அந்தப் பையனுக்கு நெசமாவே காதுக்குப் பின்னால மச்சம் இருந்துது, எனக்கே ஞாபகம் இருக்குது. அதுக்குக் கீழ பாருங்க."

கீழே பக்கம் முடியும்வரை 'மேற்படி' என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்திலும் மேற்படி.

"வகுப்புக்கே ஒரே எடத்துல மச்சமாங்க?"

"எழுதினவரு போயி சேந்துட்டாரு சார். ஒவ்வொருத்தன் சட்டையா கழட்டிப் பாக்க அவருக்கு நேரம் இல்ல."

"இவருக்கு மச்சம் இல்ல, தவறா எழுதிட்டாங்கன்னு ஒரு கடிதம் குடுத்தீங்கன்னா போதும்."

அவர் பதிவேட்டை மெதுவாக மூடினார். "குடுக்கலாம். ஒருத்தருக்கு இல்லன்னு நான் எழுதினா மத்தவங்க மச்சத்துக்கு யாரு பதில் சொல்றது? ரயில்வேயில இருக்கான், போலீசுல இருக்கான், மிலிட்டரில இருக்கான். ஒரு மச்சத்த எடுத்தா எல்லா மச்சமும் உதிந்துடும் சார். எல்லாரும் புள்ளக்குட்டிக்காரனுங்க." காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது, யாரோ ஒரு பையனின் உண்மையான மச்சம் ஒரு வகுப்பையே வேலையில் உட்கார வைத்து, மாமாவை மட்டும் வாசலில் நிறுத்தியிருக்கிறதே என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

வேறு வழியில்லாமல் நான் ஒரு மனு எழுதினேன். என் உத்தியோக வாழ்க்கையில் எழுதியவற்றில் அதைவிடச் சிறந்தது இல்லை. பள்ளிப் பதிவில் எழுத்துப் பிழை நேர்ந்திருக்கிறது. மனுதாரரின் இடது காதின் பின்புறம் மச்சம் எதுவும் இல்லை என்பதற்கு அரசு மருத்துவமனை டாக்டரின் சான்று இணைத்திருக்கிறேன். வலது மணிக்கட்டில் சூளைத் தீக்காயத்தின் தழும்பு இருப்பதைத் தங்கள் மருத்துவரே பரிசோதனையின்போது குறித்திருக்கிறார். பள்ளி ஆசிரியர் பார்க்காமல் எழுதியதைவிடத் தங்கள் மருத்துவர் பார்த்து எழுதியதை அடையாளமாகக் கொள்வதே முறை. நல்ல ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை. மனுக்கள் என்ன ஆகும் என்பதை மனுக்கள் வந்து சேரும் இடத்தில் உட்கார்ந்திருப்பவனைவிட யார் அறிவார்?

மாமாவுக்கு அது தெரியாது. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் போய் நிற்பார். தபால்காரர் தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போவார். பிறகு அவர் தெருமுனைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு பேசுவதை. சட்டையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சுவர்க் கண்ணாடியின் எதிரில் உட்கார்ந்திருப்பார் என்று அக்கா என்னிடம் வந்து அழுதாள். "வேல இல்லன்னு சொன்னாக்கூடத் தாங்கிக்குவாருடா. நீ நீயே இல்லன்னு சொல்லிட்டாங்களாம். அதையே சொல்லிக்கினு இருக்காரு." நான் பதில் வரும் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது?

சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள், நேரில் கேட்டுப் பார்க்கலாம் என்று நானும் மாமாவும் விழுப்புரம் போய் பஸ் மாறினோம். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டிருந்தவர் அதை எடுத்தபோது காதுக்குப் பின்னால் கருப்பாக ஏதோ தெரிந்தது. முதலில் ஈ என்று நினைத்தேன்.

"என்ன மாமா இது?"

"மச்சம்."

"எப்ப வந்துது?"

"ஸ்கூல்ல படிக்கறப்பவே இருந்துதே. புக்குல பாக்கலியா நீ?"

பல நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது. மனுவுக்குப் பதில் வராத நாள்களில் ஒன்றில், அக்கா தையல் ஊசியைச் சுட்டு எடுத்து, வீட்டில் குப்பியின் அடியில் மிச்சமிருந்த கோப்பைக் கருப்பு மையைத் தொட்டு, காதின் பின்னால் குத்தியிருக்கிறாள். காயம் ஆறித் தோலோடு தோலாகிவிட்டது. கோப்பையின் அடியில் வைப்பது போலவே சிந்தாமல் சிதறாமல் வைத்திருந்தாள். உற்றுப் பார்த்தால், ஆண்டவன் வைப்பதைவிடச் சற்று வட்டம் அதிகம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அதுக்கும் ஒரு மனு எழுதுவ."

எனக்குக் கோபம் வரவில்லை. என் மனுவின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாதபோது அவர்கள் ஊசியை நம்பியதில் என்ன தவறு? புத்தகத்தை மாற்ற முடியாது என்றால் உடம்பை மாற்றவேண்டியதுதானே. செங்கல்பட்டில் தெரிந்தவர் வீட்டில் தங்கியபோது மாமா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அந்த வாசலுக்குப் போனோம். சவுக்குத் தோப்பு, மணல், முள்கம்பி வேலி, நடுவில் ஒரு தகரக் கொட்டகை. பாதுகாப்பு அலுவலர் பட்டாளத்திலிருந்து வந்தவர் போலிருந்தார். மரியாதை தெரிந்த மனிதர். மாமாவின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து கோப்பொன்றை எடுத்தார். "வாங்க, வாங்க. மனுவ யாருங்க எழுதினது?" நான்தான் என்றேன். "ரொம்பச் சரியா எழுதியிருந்தீங்க. எங்க டாக்டர் எழுதினத நாங்களே நம்பலேன்னா எப்படின்னு பெரியவரே கேட்டுட்டாரு. ஏத்துக்கிட்டாங்க. ஆர்டர் நேத்துதான் எங்களுக்கே வந்தது." என் வாழ்நாளில் என் எழுத்துக்குக் கிடைத்த மிகப்பெரிய மரியாதை அது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் உத்தரவை வாய்விட்டுப் படித்தார்: "இடது காதின் பின்புறம் மச்சம் இல்லாதவரும், வலது மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு உள்ளவருமான மேற்படி நபரைச் சரிபார்த்து உள்ளே அனுமதிக்கலாம்."

மாமாவின் கை தானாக எழுந்து துண்டைக் காதோடு சேர்த்துக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த ஒரு கணத்தில் எனக்கும் புரிந்துவிட்டது. அலுவலருக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே மணிக்கட்டைப் பார்த்து ஒரு குறி போட்டார். "அது சரி. துண்ட எடுங்க, ஒரு பார்வை பாத்துட்டு உள்ள அனுப்பிடறேன். வெறும் சம்பிரதாயம்தான்."

மாமா துண்டை எடுக்கவில்லை. "சளி புடிச்சிருக்குதுங்க" என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது.

"பரவால்ல, எடுங்க."

அவர் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தார். கோப்பிலிருந்த உத்தரவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்குப் புரியுதுங்க. ஆனா எதை எழுதட்டும், நீங்களே சொல்லுங்க. மச்சம் இருக்குன்னு எழுதினா உத்தரவுல சொன்ன ஆள் இவர் இல்லன்னு ஆயிடும். பச்சை குத்திக்கிட்டதுன்னு எழுதினா, பொய் அடையாளம் போட்டுக்கிட்டு வந்தவர்னு ஆயிடும், கேஸு" என்றார். எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் இல்லை. பக்கத்தில் ஏதோ உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாமா நகத்தால் காதின் பின்னால் சுரண்டிக்கொண்டிருந்தார். வெறி பிடித்தது போலில்லை. கோப்பையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுவது போல, நிதானமாக, ஒரே இடத்தில். ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. "போயிடும்ங்க, இதோ போயிடும், ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அலுவலர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து இறக்கினார். "வேணாங்க. உள்ள போயிருக்கு, வராது" என்றார்.

அந்த மனிதர் கடைசியில் ஒரு கருணை செய்தார். கோப்பில், குறித்த நாளில் பணியில் சேர வரவில்லை என்று எழுதிக்கொண்டார். கேஸு இல்லை, விசாரணை இல்லை. அரசாங்கக் கணக்கில் நாங்கள் அன்று அந்த வாசலுக்குப் போகவே இல்லை.

திரும்பும்போது மாமா சன்னல் பக்கம் உட்கார்ந்து விழுப்புரம் வரை துண்டைக் காதின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். பஸ் மாறிய பிறகு சொன்னார்: "மாப்ள, மனுவத் தள்ளிட்டாங்கன்னு சொல்லிடு."

"ஏன் மாமா?"

"அவ கை வச்சதாலதான் போச்சுன்னு தெரிஞ்சா, அந்தக் கைய வச்சிக்கினு அவ எப்படிப் பொழைப்பா? உனக்குன்னா ரெண்டு திட்டு. திட்டு வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். முதலில் அவர் காதைத்தான் பார்த்தாள். "என்னங்க காயம்?" என்றாள். "அரிச்சுது, சொறிஞ்சிட்டேன்" என்றார் மாமா. நான் மனு தள்ளுபடி என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "பேனாவப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தா போதுமாடா, பலிக்கிற மாதிரி எழுதத் தெரிய வேணாமா" என்றாள். அன்று ஆரம்பித்தது அவள் சாகும்வரை ஓயவில்லை. என் வாழ்க்கையில் தள்ளுபடியான மனுக்கள் ஏராளம். அவற்றுக்கெல்லாம் யாரும் திட்டியதில்லை. ஏற்கப்பட்ட ஒரே மனுவுக்குத்தான் திட்டு வாங்கினேன்.

மாமா லாரிகளில் களிமண் ஏற்றப் போனார். வேறொரு சூளை பற்றவைத்தபோது அங்கே போனார். இருமல் வந்தது, நிற்கவில்லை. தெரியாத ஆள் யாராவது பெயரைக் கேட்டால், சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்குவார். அது எனக்கு மட்டும் தெரிந்த தயக்கம். முதுமை வருமுன்பே இறந்துபோனார். குளிப்பாட்டக் கிடத்தியபோது அக்கா அவர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, காதை மடக்கிப் பார்த்தாள். சுரண்டிய வடுவின் நடுவே புள்ளி அப்படியே இருந்தது. அழுகைக்கு நடுவில் என்னைக் கூப்பிட்டாள். "இத்தன வருஷம் ஆயிருக்குது, கலையல பாருடா. என் வேலையில கொற இல்ல. உன் மனுதான்." அவள் முகத்தில் இருந்தது துக்கம் மட்டுமல்ல. நான் "ஆமாக்கா" என்றேன்.

அவர்கள் மகன் படித்து, அதே அணுமின் நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளன் ஆனான். ஒரு முறை அவனைப் பார்க்க அக்காவும் நானும் போயிருந்தோம். தகரக் கொட்டகை இல்லை, சவுக்குத் தோப்பும் இல்லை. வெளியே நின்று பார்த்தோம். ஒவ்வொருவராகக் கையை வைத்தார்கள். சுழல்கதவு ஒவ்வொருவராக உள்ளே விட்டது. கையில் கட்டுப் போட்ட ஒருவனைக் கருவி ஏற்கவில்லை. அவன் பதறவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு சன்னலுக்குப் போனான், ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அந்தச் சன்னலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மகனிடம், "மச்சம் பாக்கறாங்களாடா?" என்றாள். "அதெல்லாம் யாரும்மா பாக்கறாங்க" என்று அவன் சிரித்தான். "இதோ நிக்கறானே உங்க மாமா, இவன் அன்னிக்கி ஒழுங்கா எழுதியிருந்தா உங்கப்பா இந்த வழியாத்தான் போயி வந்துக்கினு இருந்திருப்பாரு" என்றாள் அக்கா, கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கண்ணாடிகளைக் கொண்டுவந்த அன்று பெரியதைச் சுவரில் மாட்டினேன். என் பள்ளிப் புத்தகத்திலும் ஒரு வரி உண்டு: வலது தோளின் பின்புறம் ஒரு மச்சம். அந்த வரியை நம்பித்தான் நான் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, ஓய்வூதியமும் வாங்குகிறேன். சட்டையைக் கழற்றிவிட்டுச் சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். சுவர் தெரிந்தது, சன்னல் தெரிந்தது, என் விரல் தெரிந்தது. தோள் அகப்படவே இல்லை. பின்னால் நின்று இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் கீழே என்று பிடிக்க ஒருவர் வேண்டும். சட்டையைப் போட்டுக்கொண்டேன். பிறகு அந்தக் காலி அறையில், கண்ணாடியைப் பார்த்து, "அக்கா, மனுவ ஏத்துக்கிட்டாங்க" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். வெளியே கேட்டுவிடுமோ என்று உடனே வாயை மூடிக்கொண்டேன்.